உள்ள நிக்கிறது யாரு?

செவ்வாய்க்கிழமை மதியம். ஒயிட்ஃபீல்டு ஆபீஸ், அஞ்சாவது மாடி கேன்டீன். எதிர்ல எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி. வேலூர்க்காரன். தட்டுல சாம்பார் சாதம் ஆறிப்போய்க் கெடக்கு. அவன் கண்ணு லேப்டாப்ல.

எட்டிப் பாத்தேன். ஒரு பெரிய அட்டவணை. ரெண்டு டீம் பேரு, கீழ வரிசை வரிசையா நம்பர்.

"என்ன தம்பி, ரிலீஸ் கணக்கா?"

"இல்லக்கா. ஞாயித்துக்கிழமை மேட்ச். அமெரிக்கன் ஃபுட்பால். ரெண்டு டீமோட டிஃபென்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறேன்."

டிஃபென்ஸை!

எனக்கு அப்படியே மனசு குளுந்துபோச்சு. ஏன்னா பத்து வருஷமா நான் பேச ஆசைப்படுற விஷயம் இது. எனக்கு ஆட்டம் வேற (கபடி), ஆனா ஏக்கம் இதேதான். எந்தக் கபடி மேட்ச்சுக்கு முன்னாடியும் டிவியில யாரைக் காட்டுறாங்க? ரெண்டு ரைடர், அதாவது பாடிப் போறவங்க. தொடையைத் தட்டுறாங்க, மீசையை முறுக்குறாங்க, பின்னாடி நெருப்பு எரியுது. பிடிக்கிற ஏழு பேரும் எங்க போனாங்கன்னு கேக்க ஒரு நாதி இல்ல.

சினிமாவுலயும் அதேதான். 2009-ல 'வெண்ணிலா கபடி குழு' வந்தப்போ நான் காலேஜ். 2025-ல 'பைசன்' வந்துச்சு. மணத்தி கணேசன் வாழ்க்கையை அடிப்படையா வச்ச படம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச இந்திய அணியில இருந்தவர் அவர். தியேட்டர்ல அழுதுட்டேன். ஆனாலும் வெளிய வர்றப்போ மனசு கேட்டுச்சு: கார்னர்ல, மூலையில நின்னு பிடிக்கிறவனுக்கு ஒரு படம் எப்ப வரும்?

(எங்கப்பா கார்னர்ல நின்னவர். அதனால எனக்கு இந்த விஷயத்துல நடுநிலை கிடையாது. முன்னாடியே சொல்லிடறேன்.)

சரி, தம்பி அட்டவணைக்கு வர்றேன். அவன் பொறுமையா சொல்லிக் கொடுத்தான். அங்க களத்துல பக்கத்துக்கு 11 பேர். பந்து வச்சிருக்கிற டீமுக்கு நாலு வாய்ப்பு. அதுக்குள்ள 10 கஜம் நகரணும். நகந்தா மறுபடி நாலு வாய்ப்பு. நகர முடியலன்னா பந்து எதிராளிக்குப் போயிடும். அந்த நகர்வைத் தடுக்கிறவங்கதான் டிஃபென்ஸ். பந்தோட ஓடுறவங்க வேற ஆளு, தடுக்கிறவங்க வேற ஆளு. ஒரு கூட்டம் உள்ள இறங்கினா இன்னொரு கூட்டம் ஓரத்துல உக்காந்து தண்ணி குடிக்கும்.

"மொத்தமா எத்தனை கஜம் விட்டுக் கொடுத்தாங்கன்னு பாத்தா தப்பாயிடும்க்கா. ஒரு தடவைக்கு எத்தனை கஜம் விட்டாங்கன்னு பாக்கணும்."

"ஏன்?"

"சில டிஃபென்ஸ் களத்துல நிக்கிற நேரமே கம்மி. அவங்க டீம் பந்தை ரொம்ப நேரம் வச்சிருக்கும். சில டீம்ல தாக்குற ஆளுங்க சொதப்பிட்டு சீக்கிரமா வெளிய வந்துடுவாங்க. அப்ப டிஃபென்ஸ் மூச்சு வாங்கிட்டே திரும்பத் திரும்ப இறங்கணும். அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

நான் கரண்டியைக் கீழ வச்சுட்டேன்.

இதே விஷயத்தை எங்கப்பா என்கிட்ட 2022-ல கண்டீரவா ஸ்டேடியத்துல சொன்னாரு. வேற வார்த்தையில. எனக்கு அன்னைக்குப் புரியல.

அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். நீளமா போகும். காபி போட்டு வச்சுக்கோங்க.

*

முதல்ல பழைய கதை கொஞ்சம்.

2021 டிசம்பர்லேந்து 2022 பிப்ரவரி வரைக்கும் புரோ கபடி லீக்கோட எட்டாவது சீசன் முழுக்க எங்க ஏரியாவுலதான் நடந்துச்சு. கொரோனா காலம். பன்னெண்டு டீமையும் ஒயிட்ஃபீல்டு ஷெரட்டன் கிராண்ட் ஹோட்டல்லயே தங்க வச்சு, அங்கயே ஆடவும் வச்சாங்க. பார்வையாளருக்கு அனுமதி இல்ல. நான் இருக்கிறது ஹூடி. ஹோட்டல் வாசல் வழியாத்தான் தினமும் போகணும் வரணும். மெட்ரோ தூண் வேலை நடந்துட்டிருந்த ரோடு, ஒரே தூசி. ஸ்கூட்டர்ல சிக்னல்ல நிக்கிறப்போ நெனைப்பேன்: இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தமிழ் தலைவாஸோட சுர்ஜீத் சிங் யாரையோ அமுக்கிட்டிருப்பாரு, நான் இங்க தூசி தின்னுட்டு நிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டிவியில பாப்பேன். அரை கிலோமீட்டர்ல நடக்கிறதை டிவியில பாக்குறது ஒரு தனி வேதனை.

அந்த சீசன்லதான் நோட்டு போட ஆரம்பிச்சேன். பையனோட பழைய கணக்கு நோட்டு. மேட்ச்சுக்கு முன்னாடி ரெண்டு டீமோட டிஃபென்ஸையும் எழுதி, யாரு கை ஓங்கும்னு கணிக்கணும். இதுதான் விளையாட்டு.

முதல் முறை ரொம்ப சுலபம். டேக்கிள் பாயிண்ட்டை, அதாவது ரைடரைப் பிடிச்சு வாங்கின பாயிண்ட்டைக் கூட்டுறது. கார்னர் ரெண்டு பேரு, கவர் ரெண்டு பேரு, நாலு பேரோட பாயிண்ட்டையும் கூட்டு. எது பெருசோ அது நல்ல டிஃபென்ஸ். எங்க டீம் தமிழ் தலைவாஸுக்கு இந்தக் கணக்கு நல்லா அமையும். வலது கார்னர்ல சாகர் அந்த ஒரு சீசன்ல மட்டும் 82 டேக்கிள் பாயிண்ட் எடுத்தாரு. அவரைத் தாண்டினது பாட்னாவோட ஈரான்காரர் ஷாட்லூயி மட்டும்தான். பெங்களூரு புல்ஸ்ல சவுரப் நந்தல், அமன், மகேந்தர் சிங். அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல.

கூட்டினேன், கணிச்சேன். அந்த சீசன்ல ரெண்டு டீமும் ரெண்டு தடவை மோதினாங்க. முதல் தடவை புல்ஸ் 38-30-ன்னு ஜெயிச்சது. அடுத்த தடவை தலைவாஸ் 42-24. அதே ஆளுங்க, அதே மேட்டு, அதே ஹோட்டல். என் நோட்டுல கூட்டல் பெருசா மாறவே இல்ல. மேட்ச் மட்டும் தலைகீழா மாறிடுச்சு.

அப்ப கூட்டல்ல என்னமோ விட்டுப்போகுது.

ரெண்டாவது முறை: சூப்பர் டேக்கிளை எண்ணினேன். மூணு பேரோ அதுக்கும் கம்மியாவோ இருக்கிறப்போ ரைடரைப் பிடிச்சா ஒரு பாயிண்ட்டுக்குப் பதிலா ரெண்டு. மூணு பேரு மட்டும் மிச்சம் இருந்து, முரட்டு ரைடரை மடக்கிப் போடுறப்போ ஸ்டேடியமே எந்திரிச்சு நிக்கும். எனக்கே புல்லரிக்கும். அதனால சூப்பர் டேக்கிள் அதிகமா இருக்கிற டீம்தான் நெஞ்சுரம் உள்ள டிஃபென்ஸ்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு ராத்திரி பாத்திரம் கழுவுறப்போ பளிச்சுனு பட்டுச்சு. சூப்பர் டேக்கிள் அடிக்க ஆளு மூணாக் குறையணும்ல? அப்ப ஒரு டீமுக்கு சூப்பர் டேக்கிள் நெறைய இருக்குன்னா, அந்த டீம் நெறைய நேரம் மூணு பேரோட நின்னிருக்குன்னு அர்த்தம். நாலு பேரு வெளிய உக்காந்திருந்திருக்காங்க. வீடு பத்தி எரியறப்போ நல்லா தண்ணி ஊத்தியிருக்காங்க, சந்தோஷம். ஆனா அந்த வீடு ஏன் அடிக்கடி எரியுது?

பாத்திரத்தை அப்படியே போட்டுட்டுப் போய் நோட்டுல அந்தப் பத்தியை அடிச்சேன்.

மூணாவது முறை கொஞ்சம் விவரமானது. பிடிக்கப் போனது எத்தனை, பிடிச்சது எத்தனை. சதவீதம். இது எனக்கு இன்னைக்கும் பிடிக்கும். ஏன்னா தப்பான பிடி வெறும் ஒண்ணோட போறதில்ல. கபடி தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம்: ரைடர் உள்ள வர்றாரு, 30 வினாடி. கார்னர் காலைப் பிடிக்கப் பாயறாரு. கார்னர் கையைக் கோத்திருக்கிற பக்கத்து ஆளும் சேந்து வர்றாரு. கவர் மோதித் தள்ள வர்றாரு. எல்லாரும் ரைடரைத் தொட்டாச்சு. ரைடர் எப்படியோ நடுக்கோட்டுல ஒரு விரலை வச்சுட்டா? மூணு பேரும் அவுட்டு. ஒரு அவசரத்துக்கு மூணு பேரு காலி.

எங்க ஊர்ல இதுக்கு அப்பா சொல்ற சொல்லு "முந்திக்கிட்டான்". டிவியில 'அட்வான்ஸ் டேக்கிள்'னு சொல்றாங்க. எனக்கு முந்திக்கிட்டான்தான் சரியா படுது. ரைடர் இன்னும் உள்ளயே வரல, திரும்பவும் இல்ல, அதுக்குள்ள இவன் முந்திக்கிட்டான். போச்சு.

சதவீதம் நல்ல கணக்கு. ஆனா அதுலயும் ஒரு ஓட்டை. சில கார்னருங்க பக்கம் ரைடரே போறதில்ல! ஈரானோட ஃபசல் அத்ராச்சலியை எடுத்துக்கோங்க. இடது கார்னர். புரோ கபடி வரலாத்துலயே அதிக டேக்கிள் பாயிண்ட் அவருக்குத்தான். அவர் நிக்கிற மூலைக்கு ரைடர்கள் எப்படிப் போவாங்கன்னு பாத்திருக்கீங்களா? எட்டி நின்னு, காலை நீட்டி, உடனே இழுத்துக்கிட்டு. சும்மா 30 வினாடியை ஓட்டிட்டு வந்துடுவாங்க. வெறும் ரைடு. ரெண்டு ரைடு வெறுமனே போனா மூணாவது 'டூ ஆர் டை'. பாயிண்ட் எடுக்கலன்னா ரைடரே அவுட்டு. அந்த அவுட்டை வேற யாராவது பிடிச்சு பேரு வாங்கிடுவாங்க. முதல் ரெண்டு ரைடையும் பயமுறுத்தியே காலி பண்ணின கார்னருக்கு எந்த அட்டவணையிலயும் ஒரு நம்பரும் கெடையாது.

இதை நெனைச்சா எனக்கு நெஜமாவே கோவம் வருது. பயப்பட வச்சதுக்கு பாயிண்ட் இல்ல.

*

இப்ப 2022 அக்டோபர்.

ஒன்பதாவது சீசன். மறுபடி பெங்களூருலதான் தொடக்கம், ஆனா இந்தத் தடவை ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கத்துல. ஜனங்களை உள்ள விட்டாங்க! 2019-க்கு அப்புறம் முதல் தடவை. நான் டிக்கெட் எடுத்தேன். புல்ஸ் - தலைவாஸ். அப்பா தீபாவளிக்காக ஒரத்தநாட்டுலேந்து வந்திருந்தாரு.

மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டு மேசையில நோட்டை விரிச்சு உக்காந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எதிர்ல.

என் கணக்கு இப்படி. தலைவாஸ்: ரெண்டு மூலையிலயும் சாகர், சாஹில். நடுவுல மோஹித், நம்ம ஊர் அபிஷேக். சுர்ஜீத் சிங் தெலுகு டைட்டன்ஸுக்குப் போயிட்டாரு, அது ஒரு பள்ளம்தான். ஆனாலும் ரெண்டு கார்னரும் பழைய ஜோடி. புல்ஸ்: சவுரப், அமன், மகேந்தர் (அந்த வருஷம் அவர்தான் கேப்டன்), மயூர் கதம். நாலு பேரும் பழகின ஆளுங்க. ரைடர் பவன் செராவத்தை விட்டுட்டாங்க. அவரை 2.26 கோடிக்குத் தலைவாஸ் எடுத்துட்டாங்க. அன்னைக்கு அதுதான் லீக்லயே உச்ச விலை.

ஆனா பவன் ஆடல. தலைவாஸோட முதல் மேட்ச்லயே, குஜராத்துக்கு எதிரா, ரைடரைப் பிடிக்கப் போன இடத்துல முழங்கால்ல அடி. அதோட அந்த சீசனே அவருக்கு முடிஞ்சுபோச்சு.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? "பவன் இல்லாதது ரைடுக்கு நஷ்டம். டிஃபென்ஸுக்குப் பாதிப்பு இல்ல. டிஃபென்ஸ் தலைவாஸுக்கே ஒரு படி மேல."

அப்பா படிச்சுட்டு ஒண்ணு சொன்னாரு.

"ஏன் பாப்பா, பாடிப் போறவன் இல்லன்னா பிடிக்கிறவனை யாரு எழுப்பிக் கூட்டியாருவா?"

நான் கேக்கல. "அப்பா, அது ரைடு கணக்கு. இது டிஃபென்ஸ் கணக்கு. தனித்தனியா போடணும்"னு சொல்லிட்டேன்.

மறுநாள் பஸ் பிடிச்சு பையப்பனஹள்ளி (அப்ப ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ வரல), அங்கேந்து கப்பன் பார்க் ஸ்டேஷன், அங்கேந்து நடை. அப்பாவுக்கு அந்த மரங்களுக்கு நடுவுல நடக்குறது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. "இந்த ஊர்ல இவ்ளோ மரத்தை விட்டு வச்சிருக்காங்களே"ன்னு கேட்டுட்டே வந்தாரு.

உள்ள போனா... அந்தச் சத்தம்! முக்கால்வாசி சிவப்புச் சட்டை. நடுவுல நடுவுல நாங்க. எங்க பின் வரிசையில ஒரு கன்னடக் குடும்பம். ரைடர் உள்ள வந்ததும் அந்தப் பாட்டி கத்துறாங்க: "ஹிடி! ஹிடி! ஹிடி!" எங்கப்பா கத்துறாரு: "பிடி! பிடி! பிடி!"

ஒரே சொல்லு. நம்ம 'ப' அவங்க வாயில 'ஹ' ஆகிடும். பால் ஹாலு, பல்லு ஹல்லு, பிடி ஹிடி. எதிரெதிர் டீமுக்குக் கத்துறோம், கத்துறது ஒரே சொல்லு. பாட்டியும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சுக்கிட்டாங்க. பாதி நேரத்துல முறுக்கு இங்கேந்து அங்க போச்சு, கோடுபளே அங்கேந்து இங்க வந்துச்சு.

ஆனா அப்பா ஆட்டத்தைப் பாத்த விதம் எனக்கு எரிச்சலா இருந்துச்சு. ரைடர் மேட்டுல இருக்கிறப்போ அவரு அடிக்கடி ஓரத்தையே பாத்தாரு. அவுட்டானவங்க வரிசையா உக்காருவாங்கல்ல, அந்த இடம்.

"அப்பா, இங்க பாருங்க. அங்க என்ன இருக்கு?"

"உக்காந்திருக்கிறது யாருன்னு பாக்குறேன்."

"அதைப் பாத்து?"

"உள்ள நிக்கிறது யாருன்னு தெரியும்ல."

இதைக் கேக்க டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டு வந்தேனான்னு மனசுக்குள்ள சலிச்சுக்கிட்டேன்.

புல்ஸ் 45, தலைவாஸ் 28.

திரும்பி வர்றப்போ மெட்ரோவுல அப்பா தூங்கிட்டாரு. நான் நோட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். 17 பாயிண்ட் வித்தியாசம். "ஒரு படி மேல"ன்னு நான் எழுதின டிஃபென்ஸ்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எங்க பக்கத்துல பொங்கல்னா கபடி. திடல்ல கயிறு கட்டி, ட்யூப்லைட் போட்டு, மைக் செட்டுல ஒருத்தர் மூச்சு விடாம பேச, விடிய விடிய ஆட்டம். (தஞ்சாவூர்ச் சீமை மண்ணுக்கும் கபடிக்கும் என்ன பந்தம்னு தனியா எழுதணும். தர்மராஜ் சேரலாதன் இந்தப் பக்கத்துக்காரர்தான். நாப்பது வயசுக்கு மேல கார்னர்ல நின்னு, 2016-ல பாட்னாவுக்குக் கேப்டனா கோப்பை வாங்கினவர். லீக்ல வடக்கத்திப் பசங்ககூட அவரை 'அண்ணா'ன்னுதான் கூப்பிடுவாங்க. சேரலாதன் பேரைச் சொன்னா எங்கப்பா உக்காந்திருந்தாலும் நிமிந்து உக்காருவாரு.)

அந்த ராத்திரி நோட்டுல ஒரு புது வேலை செஞ்சேன். போன்ல ஸ்டாப்வாட்ச். ஒரு சிவப்பு பனியன் டீம், ஒரு மஞ்சள் பனியன் டீம். பாயிண்ட்டு, பிடி, சதவீதம் எதையும் எழுதல. சிவப்பு டீமோட இடது கார்னர் பையன் ஒருத்தன். அவன் உள்ள நிக்கிறப்போ வாட்ச்சை ஓட விடுவேன். அவுட்டாகி உக்காந்தா நிறுத்துவேன். அவ்ளோதான்.

ஆட்டத்துக்கு முன்னாடி திடல்ல எல்லாரும் சிவப்பு டீம் பிடியைப் பத்திதான் பேசினாங்க. அந்தப் பையன் கை அப்படி. கணுக்காலைப் பிடிச்சா பூட்டு போட்ட மாதிரி.

முதல் பாதி 15 நிமிஷம். அந்தப் பையன் உள்ள நின்னது ஆறு நிமிஷம்கூட வரல.

மீதி நேரம் ஓரத்துல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். ஒரே ஒரு தடவை முந்திக்கிட்டான், அவுட்டு. அவனுக்கு முன்னாடியே ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. கபடியில எழும்புறது வரிசைப்படி. யாரு முதல்ல போனாங்களோ அவங்கதான் முதல்ல திரும்ப வரணும். அப்ப அவன் டீம்காரங்க எதிராளி மூணு பேரை அவுட்டாக்கினாத்தான் இவன் உள்ள வர முடியும். சிவப்பு டீம் ரைடர் பாடிப் போறான், போனஸ் கோட்டை மிதிச்சுட்டு வர்றான். ஒரு பாயிண்ட். கைத்தட்டல். மறுபடி போறான், மறுபடி போனஸ். இன்னொரு பாயிண்ட். ஸ்கோர் ஏறுது.

ஆனா போனஸுக்கு ஆளு எழும்பாது!

இதைச் சின்ன வயசுலேந்து தெரியும். விதின்னு தெரியும். அன்னைக்குத்தான் உறைச்சுது. ஸ்கோர் போர்டுல ரெண்டு டீமும் சரிசமமா ஏறிட்டிருக்கு. ஆனா ஒரு பக்கம் கணுக்கால் பூட்டுக்காரன் உக்காந்தே இருக்கான். அவனோட திறமை திடலுக்கு வெளியில முழங்காலைக் கட்டிக்கிட்டு இருக்கு.

கடைசியில மஞ்சள் டீம் ஜெயிச்சுது. அவங்க பிடிக்காரங்க சாதாரணம்தான். ஆனா அவங்க ரைடர் ஒவ்வொரு தடவையும் ஒருத்தனைத் தொட்டுட்டு வந்து, ஒருத்தனை எழுப்பி விட்டுட்டே இருந்தான். அவங்க மூலையில ரெண்டு பேரும் பெரும்பாலும் உள்ளயே இருந்தாங்க.

அப்பா பக்கத்துல துண்டைத் தலையில போத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. பனி. நான் வாட்ச்சைக் காட்டினேன். பாத்தாரு.

"அதான்," அப்படின்னாரு.

மூணு மாசம் முன்னாடி மெட்ரோவுல தூங்கின மனுஷன்.

*

அப்ப 2022-ல நான் விட்டது எதுன்னு இப்பத் தெளிவா சொல்ல முடியும். பவன் இல்லாதது ரைடுக்கு மட்டும் நஷ்டம்னு எழுதினேன். அது டிஃபென்ஸோட நஷ்டம். ஏழு பேரு நிக்கிறப்போ சாகர், சாஹில் ஜோடி வேற. நாலு பேரா குறைஞ்சு, சங்கிலி அறுந்து, ஒரு மூலைக்கு கார்னர் விளையாடத் தெரியாத ஆளை நிறுத்தி வச்சு நிக்கிறது வேற. அவங்களைத் திரும்பத் திரும்ப எழுப்பி உள்ள அனுப்ப ஒரு ரைடர் வேணும். 2.26 கோடி அதுக்கும் சேத்துத்தான்.

அதே சீசனோட மிச்சக் கதை இன்னும் அழகு. நரேந்தர் கண்டோலான்னு ஒரு சின்னப் பையன். அவனுக்கு அது முதல் புரோ கபடி சீசன். போகப் போக அவன் எடுத்த ரைடு பாயிண்ட் 200-ஐத் தாண்டிடுச்சு. அஷன் குமார் நடுவுல கோச்சா வந்தாரு. டிஃபென்ஸ்ல கிட்டத்தட்ட அதே ஆளுங்க. ஆனா டீம் எங்க போய் நின்னுச்சு? முதல் முறையா ப்ளே ஆஃப். அங்க உ.பி. யோத்தாஸோட 36-36, டை பிரேக்கர்ல 6-4. அரையிறுதி! 2017-லேந்து ஆடுற டீமுக்கு முதல் அரையிறுதி. அங்க புனேகிட்ட 39-37, ரெண்டே பாயிண்ட்ல போச்சு. புல்ஸும் அதே நாள் அரையிறுதியில ஜெய்ப்பூர்கிட்ட தோத்தாங்க. அன்னைக்கு ராத்திரி எங்க அபார்ட்மெண்ட்ல தமிழ் வீடு, கன்னட வீடு எல்லாத்துலயும் ஒரே மௌனம்.

எல்லாரும் நரேந்தரோட ரைடைப் பத்தி எழுதினாங்க. எழுதணும்தான். ஆனா அந்த 200 சொச்சத்துல ஒவ்வொரு தொடுதலும் ஒரு டிஃபெண்டரை எழுப்பி உள்ள கூட்டிட்டு வந்திருக்கு. அது எந்த அட்டவணையில இருக்கு?

*

தம்பிகிட்ட செவ்வாய்க்கிழமை இதையெல்லாம் சொன்னேன். அவன் சாப்பாட்டை மறந்துட்டுக் கேட்டான். அப்புறம் அவன் பங்குக்கு ஒரு கதை சொன்னான். 2014 பிப்ரவரி சூப்பர் பவுல். ஒரு பக்கம் டென்வர். அந்த சீசன்ல 606 பாயிண்ட், லீக் வரலாத்துலயே அதிகம். இன்னொரு பக்கம் சியாட்டில், லீக்லயே கம்மியா பாயிண்ட் விட்ட டிஃபென்ஸ். எல்லாரும் ஆவலா உக்காந்தா, சியாட்டில் 43, டென்வர் 8.

"பாத்தீங்களாக்கா, டிஃபென்ஸ்!"ன்னான்.

நான் கேட்டேன்: "தம்பி, அந்த 43-ஐயும் டிஃபென்ஸா அடிச்சுது?"

கொஞ்சம் யோசிச்சான். டிஃபென்ஸ் நேராவே ஒரு டச்டவுன் போட்டுச்சாம். டென்வரோட முதல் பந்தே கை தவறிப் பின்னாடி போய், பன்னெண்டே வினாடியில சியாட்டிலுக்கு ரெண்டு பாயிண்ட்டாம். மத்ததுல பெரும்பங்கு அவங்க தாக்குற ஆளுங்களோடது. "அவங்க பந்தை வச்சு ஓட்டினதால டிஃபென்ஸ் ஓரத்துல மூச்சு வாங்க நேரம் கெடைச்சிருக்கும்ல?"ன்னு கேட்டேன். "ஆமாக்கா"ன்னு இழுத்தான்.

அங்க டிஃபென்ஸ் ஓரத்துல உக்காந்தா ஓய்வு. இங்க டிஃபென்ஸ் ஓரத்துல உக்காந்தா தண்டனை. நேர் எதிர்! ஆனா ரெண்டு எடத்துலயும் கேள்வி ஒண்ணுதான்: அவங்களை அங்க உக்கார வச்சது யாரு?

இப்ப என் நோட்டுல மேட்ச்சுக்கு முன்னாடி எழுதுறது கொஞ்சம் மாறியிருக்கு. ரெண்டு டீமோட கார்னருங்களும் போன ரெண்டு மூணு மேட்ச்ல எவ்ளோ நேரம் உள்ள நின்னாங்கன்னு முதல் வரியில எழுதுறேன் (ரீப்ளே போட்டு, வாட்ச் வச்சு, நானே). அதுக்குக் கீழ, அவங்க ரைடர் எடுத்ததுல தொடுதல் எவ்ளோ, போனஸ் எவ்ளோ. அப்புறம், முந்திக்கிட்ட பிடி எத்தனை. எதிர் டீம் ரைடர் எந்தப் பக்கமா இறங்குவாரு, அந்தப் பக்கக் கார்னருக்கும் கவருக்கும் எத்தனை நாள் பழக்கம். டேக்கிள் பாயிண்ட் கூட்டல் கடைசி வரி. அதை எழுதுறதே பழைய பாசத்துக்குத்தான்.

நேரம் ஆகும். ஒரு கார்னருக்கு ஒரு மேட்ச் முழுக்கப் பாக்கணும். 40 நிமிஷ ஆட்டம், இடைவேளை, ரிவ்யூ எல்லாம் சேத்து ஒரு மணி நேரம். ரெண்டு டீம், நாலு கார்னர். வீட்டுல "இதே மேட்ச்சை எத்தனை தடவைம்மா பாப்ப?"ன்னு பையன் கேக்குறான். ஒவ்வொரு தடவையும் வேற ஆளைப் பாக்குறேன்டா கண்ணா. ஒரே மேட்ச்ல நாலு மேட்ச் இருக்கு.

கணிப்பு எப்பவும் சரியா வருதா? வராது. கணுக்கால் ஒரு அங்குலம் நழுவினா கதை மாறிடும், அது விளையாட்டு. ஆனா தோத்தா ஏன் தோத்தாங்கன்னு இப்ப எனக்குத் தெரியுது. முன்னாடி "டிஃபென்ஸ் சரியில்ல"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவேன். மேட்டுலயே இல்லாத ஆளைத் திட்டியிருக்கேன் அத்தனை நாளும்.

தம்பி நேத்து மெசேஜ் போட்டான். அவன் அட்டவணையில புதுசா ஒரு வரி சேத்திருக்கான், டிஃபென்ஸ் ஓரத்துல உக்காந்த நேரம். அதோட, அடுத்த கபடி சீசன்ல ஒரு கார்னரை அவன் பொறுப்புல விடணுமாம். "இடது கார்னர் எனக்குக் கொடுங்கக்கா, ஸ்டாப்வாட்ச் என்கிட்டயும் இருக்கு."

இடது கார்னர் அப்பாவோட இடம். கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் டிவி சத்தம். ஏதோ பழைய மேட்ச்.

"கொடு, கொடு"ன்னாரு. அப்புறம், "இரு பாப்பா, ஒருத்தன் எழும்பி உள்ள வர்றான்"னு போனைக் கீழ வச்சுட்டாரு.